நீதி கண்ட பெக்காரியா

இத்தாலி நாட்டின் வடபகுதியில் மிலான் என்னும் மாநகரம் அமைந்துள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரத் தெரு ஒன்றன் முனையில் ஒரு கல்தூண் நின்றது. வெற்றியின் நினைவாகவோ, வள்ளல் ஒருவரின் புகழ் விளங்கவோ நாட்டப்பெற்ற தூண் அன்று அது. ‘பழித்தூண்’ என்பது அதன் பெயர். அங்கு ஒரு காலத்தில் முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் வீடு இருந்தது. அவ்வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிய அரசு, அவ்விடத்தில் இனி எவரும் வீடு கட்டலாகாது என்று கல்லில் எழுதித் தூணையும் நாட்டியது.

அத்தொழிலாளி செய்த குற்றம் யாது? 1630ஆம் ஆண்டில் மிலானில் கொள்ளைநோய் பரவி மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அச்சம் மக்களின் அறிவை மறைத்தது. யாரோ தீயவர் நஞ்சு கலந்த நெய்யைச் சுவர்களில் பூசி நோயைப் பரப்புகின்றனர் என்ற வதந்தி எழுந்தது. நலத்துறை அலுவலராகிய பியாத்சா என்பவர் சுவரோரமாக நடந்து சென்றதைக் கண்ட பெண்டிர் அவர்மீது ஐயங்கொண்டனர். அவரைப் பிடித்த நீதிமன்றத்தார் உண்மையை வரவழைக்கச் சித்திரவதை செய்தனர். வேதனை தாங்கமாட்டாத அவர், மோரா என்னும் முடிதிருத்துவோரைக் காட்டிக் கொடுத்தார். மோராவும் சித்திரவதைக்கு உள்ளாகித் தாம் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருவரும் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். கொள்ளைநோய் தெள்ளுப்பூச்சிகளால் பரவுவதேயன்றிச் சுவரில் பூசும் நெய்யால் பரவுவதன்று என்பதை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆயினும் அவ்விருவரும் தம் வாயாலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டனர் என்று நீதிமன்ற ஏடுகள் கூறின.

துன்புறுத்திப் பெறும் சொல் உண்மையாகுமா? கொடிய தண்டனை குற்றத்தைக் குறைக்குமா? இவ்வினாக்களை எழுப்பி, ஐரோப்பிய நாடுகளின் குற்றச் சட்டங்களையே மாற்றி அமைக்கத் தூண்டிய அறிஞர் ஒருவர் அதே மிலான் நகரில் தோன்றினார். அவரே செசாரே பெக்காரியா.

பெக்காரியா 1738ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் மூத்த மகனாகப் பிறந்தார். அக்காலத்தில் மிலான் நகரமும் அதனைச் சூழ்ந்த லொம்பார்தி நாடும் ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. இளமையில் அவர் பார்மா நகரில் இயேசு சபையார் நடத்திய கல்லூரியில் எட்டாண்டுகள் பயின்றார். கணக்கில் அவருக்கு விருப்பம் மிகுதி. ஆனால் மாணவரின் உள்ளத்து உணர்ச்சிகளுக்கு இடந்தராத அப்பள்ளியின் கடுமை அவருக்குக் கசந்தது. அக்கசப்பு இறுதிவரை மாறவில்லை. பின்னர்ப் பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1758ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

ஊர் திரும்பிய இளைஞருக்கு வாழ்க்கையில் முதற்சோதனை காத்திருந்தது. படைத்துறை அலுவலர் ஒருவரின் மகளாகிய தெரேசா பிளாஸ்கோ என்னும் நங்கையை அவர் மணக்க விரும்பினார். பெண் வீட்டார் தம் நிலைக்கு ஏற்றவர் அல்லர் என்று கருதிய தந்தையார் அம்மணத்தை மறுத்தார். மறுத்ததோடு அமையாமல், மகனை வீட்டுச் சிறையிலும் வைக்கச் செய்தார். அக்கால வழக்கம் குடும்பத் தலைவருக்கு அத்தகைய அதிகாரத்தை அளித்திருந்தது. பெக்காரியா உறுதி தளரவில்லை. 1761ஆம் ஆண்டில் தெரேசாவை மணந்தார்; அதனால் தந்தையின் வீட்டையும் செல்வத்தையும் இழந்து வறுமையில் வாடினார். குற்றம் ஏதும் செய்யாமலே அடைபட்டுக் கிடப்பதன் துன்பம் இன்னது என்பதைச் சட்டம் கற்ற அவ்விளைஞர் தம் வாழ்விலேயே உணர்ந்தார்.

அவ்வறுமையிலிருந்து அவரை மீட்டவர் பியத்ரோ வெர்ரி என்னும் நண்பர். தந்தையும் மகனும் மீண்டும் ஒன்றுசேர அவரே துணைநின்றார். பியத்ரோவின் இல்லத்தில் இளைஞர் சிலர் மாலைதோறும் கூடிப் படிப்பதும் வாதிடுவதும் வழக்கம். பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ முதலியோரின் நூல்களை அவர்கள் ஆர்வத்துடன் கற்றனர். விவாதம் முற்றியபோது இருவர் கைகலந்து குத்திக்கொண்டனர் என்று ஊரார் கதை கட்டினர். அக்கேலியையே பெயராக ஏற்று அவ்விளைஞர் தம் கூட்டத்திற்கு ‘முட்டிக் கழகம்’ என்று பெயர் சூட்டிக்கொண்டனர். ‘காப்பிக் கடை’ என்று பொருள்படும் பெயருடன் இதழ் ஒன்றையும் அவர்கள் 1764 முதல் 1766 வரை நடத்தினர்.

பியத்ரோவின் தம்பி அலெசாண்ட்ரோ வெர்ரி ‘சிறைப்பட்டோர் காப்பாளர்’ என்னும் பதவியில் இருந்தார். சிறைகளுக்குச் சென்று கைதிகளின் குறைகளைக் கேட்டு, அவர்கள் பொருட்டு வாதாடுவது அப்பதவியின் கடமை. அவர் தாம் கண்ட காட்சிகளை மாலைக் கூட்டத்தில் எடுத்துரைப்பார். இருளும் அழுக்கும் நிறைந்த அறைகள், இன்ன குற்றம் சாட்டப்பட்டுள்ளோம் என்பதையும் அறியாது வாடுவோர், மறைவாக நடைபெறும் விசாரணை, சித்திரவதைக் கருவிகள் ஆகியவற்றைப்பற்றி அவர் கூறக் கேட்டு நண்பர்கள் உள்ளம் நொந்தனர். இக்கொடுமையைக் குறித்து ஒரு நூல் எழுதுமாறு பியத்ரோ பெக்காரியாவைத் தூண்டினார்.

பெக்காரியா இயல்பாகவே கூச்சம் மிக்கவர், சோம்பலும் உடையவர். சிறிது நேரம் எழுதினாலே களைத்துவிடுவார். ஆயினும் நண்பர்கள் அவரை விடவில்லை. அவர் அவ்வப்போது தாள்களில் குறித்தவற்றை எல்லாரும் கூடிப் பேசி ஆராய்ந்தனர். பியத்ரோ அவற்றைத் தம் கையாலேயே படியெடுத்து ஒழுங்கு செய்தார். 1763ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கிய பணி மறு ஆண்டுத் தொடக்கத்தில் நிறைவெய்தியது. ‘குற்றங்களும் தண்டனைகளும்’ என்னும் அந்நூல் 1764ஆம் ஆண்டில் லிவோர்னோ என்னும் துறைமுக நகரில் அச்சாகி வெளிவந்தது. மிலானின் ஆட்சியாளர் சினத்திற்கு அஞ்சியே வேற்று நாட்டு நகரில் அச்சிட்டனர். நூலில் ஆசிரியர் பெயரும் இல்லை. அப்போது பெக்காரியாவுக்கு வயது இருபத்தாறு. நூலின் அளவோ ஏறத்தாழ நூறு பக்கமே.

அச்சிறு நூல் கூறும் கருத்துகளை நாம் அறிதல் வேண்டும். மக்கள் பாதுகாப்புடன் வாழ்வதற்காகவே தம் உரிமையில் ஒரு சிறு பகுதியை விட்டுக்கொடுத்து அரசை அமைத்துக்கொண்டனர். ஆதலின் பாதுகாப்புக்குத் தேவையான அளவு தண்டிக்கும் உரிமையே அரசுக்கு உண்டு. அதற்கு மேற்படும் தண்டனை நீதியாகாது, கொடுமையேயாகும். தண்டனையின் நோக்கம் பழிவாங்குதல் அன்று. செய்த தீமையைச் செய்யாததாக்க எத்தண்டனையாலும் இயலாது. குற்றவாளி மீண்டும் தீங்கு செய்யாமல் தடுப்பதும், பிறர் அவ்வழியிற் செல்லாமல் காப்பதுமே அதன் நோக்கம்.

தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்பது அவர் கண்ட பேருண்மை. தூக்குமரம் காத்திருப்பினும், தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை உள்ளவன் அஞ்சமாட்டான். சிறிய தண்டனையாயினும் தவறாது வந்துசேரும் என்று அறிந்தவன் அஞ்சுவான். தண்டனை விரைவில் வருதலும் வேண்டும். குற்றத்திற்கும் தண்டனைக்கும் இடையே உள்ள காலம் குறையக் குறைய, இரண்டன் தொடர்பும் மக்கள் மனத்தில் நன்கு பதியும். குற்றத்தின் அளவுக்கேற்பத் தண்டனையின் அளவும் அமைதல் இன்றியமையாதது. திருடனுக்கும் தூக்கு, கொலைஞனுக்கும் தூக்கு என்றால், திருட வந்தவன் தன்னைக் கண்டவரைக் கொன்றுவிட்டுச் செல்லவும் தயங்கமாட்டான் அன்றோ!

சட்டம் எல்லார்க்கும் விளங்கும் மொழியில் தெளிவாக எழுதப்படல் வேண்டும். இன்ன செயல் குற்றம், அதற்கு இன்ன தண்டனை என்று வரையறுப்பது சட்டத்தின் வேலை. அச்செயல் நடந்ததா இல்லையா என்று ஆராய்வதே நீதிபதியின் வேலை. ஒருவரைப் பிடித்துச் சிறையிட எத்தகைய சான்று வேண்டும் என்பதையும் சட்டமே கூற வேண்டும். அதனை அலுவலரின் விருப்பு வெறுப்புக்கு விடலாகாது. விசாரணைக்காக அடைபட்டிருப்பவர் இன்னும் குற்றவாளி ஆகாதவர். ஆகவே அக்காவல் இயன்றவரை குறுகியதாகவும் கடுமையற்றதாகவும் இருத்தல் வேண்டும். குற்றமற்றவர் என விடுதலை பெற்றவர்மீது சிறைப்பட்ட பழி ஒட்டிக்கொள்ளுதல் கூடாது. யார் என அறியப்படாதவர் மறைவாகக் கூறும் குற்றச்சாட்டை ஏற்கலாகாது. செல்வர்க்கும் வறியவர்க்கும் தண்டனை ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

சித்திரவதையைப்பற்றி அவர் எழுதிய பகுதி நூலின் உயிர்நிலை எனலாம். ஒருவன் குற்றவாளி என்பது உறுதியானால், அவனுக்குச் சட்டம் விதித்த தண்டனையே போதும், சித்திரவதை வேண்டுவதில்லை. உறுதியாகவில்லையெனில், குற்றமற்றவனாக இருக்கக்கூடிய ஒருவனைத் துன்புறுத்துதல் பெருங்கொடுமை. சித்திரவதை அளப்பது உண்மையை அன்று. உடல் வலிமையையே அது அளக்கின்றது. உரம் வாய்ந்த கொடியவன் வலியைப் பொறுத்து விடுதலை பெறுவான். மெலிந்த நல்லவன் பொறுக்கமாட்டாது பொய் கூறித் தண்டனை அடைவான். பியாத்சாவும் மோராவும் மாண்ட நகரத்தில் பிறந்தவர் இவ்வாறு எழுதியதில் வியப்பில்லை.

மரண தண்டனையும் வேண்டுவதில்லை என்றார் பெக்காரியா. கொலையை வெறுக்கும் சட்டம், கொலையைத் தடுக்கத் தானே வெளிப்படையாகக் கொலை செய்வது முரண்பாடு என்பது அவர் வாதம். நாட்டின் பாதுகாப்பே நிலைகுலையும் காலம் போன்ற மிக அரிய நிலைகளை மட்டும் அவர் விலக்காகக் கொண்டார். ஆனால் மரணத்திற்கு ஈடாக அவர் கூறியது வாழ்நாள் முழுதும் கடின உழைப்புடன் கூடிய சிறை. அதுவும் கடுமை மிக்கதே என்பதை நாம் மறத்தலாகாது. எல்லாவற்றினும் மேலாகக் குற்றத்தைத் தண்டிப்பதைவிட அது நிகழாமல் தடுப்பதே சிறந்தது என்றும், அதற்கு உறுதியான வழி நல்ல கல்வியே என்றும் அவர் நூலை முடிக்குமுன் வற்புறுத்தினார்.

இந்நூல் வெளிவந்த காலம் பொருத்தமான காலமாக அமைந்தது. பிரான்சு நாட்டின் துலூசு நகரில் ழான் கலாஸ் என்னும் முதிய வணிகர், தம் மகனைத் தாமே கொன்றார் என்ற பொய்க்குற்றத்திற்காக 1762ஆம் ஆண்டில் சக்கரத்தில் கட்டப்பட்டு எலும்பு முறித்துக் கொல்லப்பட்டார். சித்திரவதையிலும் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. அறிஞர் வால்டேர் அவருக்காக வழக்காடி, 1765ஆம் ஆண்டில் அவர் குற்றமற்றவர் என்ற தீர்ப்பைப் பெற்றுத் தந்தார். அத்தகைய வேளையில் பெக்காரியாவின் நூலை மொரெல்லே என்பவர் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். வால்டேர் அதற்கு விளக்கவுரை எழுதினார். 1767ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

எதிர்ப்பும் எழாமல் இல்லை. ஃபக்கினேய் என்னும் துறவி, நூலாசிரியரைச் சமயத்திற்கும் அரசர்க்கும் பகைவர் என்று பழித்து எழுதினார். வெர்ரி உடன்பிறந்தார் இருவரும் நண்பருக்காக மறுப்பு எழுதினர். 1766ஆம் ஆண்டில் உரோமாபுரித் திருச்சபை அந்நூலைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் லொம்பார்தியில் ஆஸ்திரிய அரசின் சார்பில் ஆட்சி நடத்திய ஃபிர்மியன் பிரபு பெக்காரியாவுக்கு ஆதரவளித்தார். அதனால் ஆசிரியருக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை.

பாரிசு நகரத்து அறிஞர்கள் பெக்காரியாவைக் காண விழைந்து அழைத்தனர். 1766ஆம் ஆண்டு அலெசாண்ட்ரோவுடன் அவர் பாரிசுக்குச் சென்றார். அங்கே பெரும் வரவேற்புக் கிடைத்தது. ஆனால் கூச்சமுள்ள அவருக்கு அப்புகழ் சுமையாகத் தோன்றியது. மனைவியையும் வீட்டையும் நினைத்து ஏங்கியவர், நண்பரை விட்டுவிட்டு விரைவிலேயே ஊர் திரும்பினார். அதனால் வெர்ரி உடன்பிறந்தாரின் நட்பும் முறிந்தது. உருசியப் பேரரசி கேத்தரின் தம் நாட்டிற்கு அழைத்தபோதும் அவர் செல்லவில்லை.

அவர் வீட்டிலேயே தங்கினார். ஆனால் அவர் நூல் உலகெங்கும் சென்றது. கேத்தரின் 1767ஆம் ஆண்டில் புதிய சட்டத்தொகுப்புக்காக எழுதிய அறிவுரையில் குற்ற விசாரணை பற்றிய பகுதி பெரிதும் பெக்காரியாவின் கருத்துகளால் ஆனது. அறிவுரை எழுதப்பட்டதேயன்றிச் சட்டத்தொகுப்பு நிறைவேறவில்லை. கடல் கடந்த அமெரிக்காவில் ஜான் ஆடம்ஸ் 1770ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர வழக்கில் வாதாடத் தொடங்கியபோது பெக்காரியாவை எடுத்துக்காட்டினார். தாமஸ் ஜெபர்சன் தம் குறிப்பேட்டில் அந்நூலிலிருந்து 26 பகுதிகளைப் படியெடுத்து வைத்திருந்தார். இங்கிலாந்தில் சட்டச் சீர்திருத்தத்திற்கு உழைத்த பென்தாம் அவரைத் தம் ஆசிரியராகப் போற்றினார். 1786ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள், தஸ்கனி நாட்டு மன்னர் லியோபோல்டு தம் நாட்டில் சித்திரவதையையும் மரண தண்டனையையும் ஒருங்கே ஒழித்தார். தேவையான தண்டனைகளையே சட்டம் விதித்தல் வேண்டும் என்ற கொள்கை 1789ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மனித உரிமை அறிக்கையில் இடம்பெற்றது.

பெக்காரியாவின் சொந்த நகரம் மட்டும் தாழ்த்தே விழித்தது. 1776ஆம் ஆண்டில் பேரரசி மரியா தெரேசா ஆஸ்திரிய நாடுகளில் சித்திரவதையை ஒழித்தபோது, மிலானின் உயர்நீதி மன்றமாகிய செனட்டு சபை அதற்கு உடன்படவில்லை. சித்திரவதை இன்றி நீதி நடவாது என்று அச்சபையின் சார்பில் எழுதியவர் கேப்ரியேலே வெர்ரி. அவர் வேறு யாருமல்லர். பியத்ரோ, அலெசாண்ட்ரோ ஆகியோரின் தந்தையே அவர். மூத்த தலைமுறை பழைய வழக்கத்தைக் காக்க, இளைய தலைமுறை அதனை எதிர்த்தது. பழித்தூண் 1778ஆம் ஆண்டில் வீழ்ந்தது. சித்திரவதை லொம்பார்தியில் முற்றிலும் ஒழிய 1789ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெக்காரியா அதன்பின் புகழ்பெற்ற நூல் எதனையும் எழுதவில்லை. மிலானில் பொருளியற் பேராசிரியராக விளங்கினார். 1771ஆம் ஆண்டில் அரசின் பொருளாதார மன்றத்தில் உறுப்பினரானார். தானியம், நாணயம், எடை அளவு ஆகியவற்றைச் சீர்ப்படுத்தும் பணியில் இருபதாண்டுகளுக்கு மேல் அமைதியாக உழைத்தார். பத்தின் மடங்காக அளவைகளை அமைக்கலாம் என்று பிரான்சில் அம்முறை வருவதற்கு முன்பே அவர் அரசுக்கு எழுதினார். இல்லறத்தில் அவர் குறையற்றவராக விளங்கினார் என்று சொல்லுதற்கில்லை. 1774ஆம் ஆண்டில் தெரேசா இறக்க, சில திங்களிலேயே மறுமணம் செய்துகொண்டார். தாயை இழந்த மகள் ஜூலியா பல ஆண்டுகள் கன்னிமாடத்தில் வளர்ந்தார். தாய்வழிச் சொத்தைக் குறித்துத் தந்தையோடு அவருக்கு மனத்தாங்கலும் ஏற்பட்டது. இளமையில் தந்தையின் கடுமையால் வருந்தியவர், தாம் தந்தையானபோது மகளின் வருத்தத்தை முற்றும் உணர்ந்தாரில்லை.

ஆயினும் இளமையில் கண்ட உண்மையை அவர் முதுமையில் கைவிடவில்லை. குற்றச் சட்டத்தைத் திருத்த அமைந்த குழுவில் உறுப்பினராக இருந்த அவர், 1792ஆம் ஆண்டில் வேறு இருவருடன் சேர்ந்து மரண தண்டனைக்கு எதிராகக் கருத்துத் தெரிவித்தார். குழுவில் பெரும்பாலோர் அதற்கு உடன்படவில்லை. மனிதர் தரும் சான்று தவறக்கூடும். மரண தண்டனையை நிறைவேற்றியபின் தவற்றைத் திருத்த வழியில்லை என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. ஆராயாது அளித்த தீர்ப்பால் கோவலன் மாண்டதையும், உண்மை தெரிந்த பாண்டியன் தன் உயிரை விட முடிந்ததேயன்றிப் போன உயிரை மீட்க முடியாமற் போனதையும் சிலப்பதிகாரத்தில் படித்த நாம் இக்காரணத்தின் வன்மையை நன்கு உணரலாம்.

பெக்காரியா 1794ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் மிலானில் காலமானார். மகள் ஜூலியாவின் மைந்தராகிய அலெசாண்ட்ரோ மன்சோனி இத்தாலி நாட்டின் பெரும் புதினப் புலவராக விளங்கினார். பியாத்சா, மோரா ஆகியோரின் துயர வரலாற்றைத் தனி நூலாக எழுதி, அவர்கள்மீது சுமத்தப்பட்ட பழியைத் துடைத்தவர் அவரே. பாட்டனார் அறிவால் மறுத்த கொடுமையைப் பேரனார் வரலாற்றால் மறுத்தார்.

மிலான் நகரம் 1871ஆம் ஆண்டில் பெக்காரியாவுக்குச் சிலை எடுத்தது. குற்ற வழக்குகள் நடைபெற்ற பழைய மாளிகையின் அருகே அவர் பெயர் தாங்கிய சதுக்கத்தில் அச்சிலை நாட்டப்பெற்றது. பழித்தூணின் கல்வெட்டோ அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. பெக்காரியா படை நடத்தியவர் அல்லர். மேடையேறி முழங்கியவர் அல்லர். கூட்டத்தைக் கண்டாலே ஒதுங்கும் இயல்பினர். ஆயினும் தம் ஊரில் நிகழ்ந்த கொடுமையைக் கண்டு, அது நீதிதானா என்று அமைதியாகவும் தெளிவாகவும் கேட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட எளியவரும் மனிதரே என்பதை மறவாத நாட்டிலேதான் செங்கோல் வளையாது நிற்கும். இவ்வுண்மையை உலகுக்கு நினைவூட்டிய அவர் தொண்டினை நாமும் நினைவிற்கொள்வோமாக.